வாசிக்காமல் விட்டவை

"நம்பிற ஆளுக்கும் போடாதேங்கோ, நம்பாத ஆளுக்கும் போடாதேங்கோ, போடப் போகேக்க ஒண்டை மட்டும்…" அந்த ஒன்று என்ன என்பதுதான் வாகீசனுக்கு வரவில்லை. கூட்டுறவுச் சங்கத் தலைவராயிருந்த பெரியப்பா, வாசிகசாலை முன்றலில் ஒலிவாங்கியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னது. அவனுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அந்த இடத்தில் ஒலிவாங்கி கீயென்று கத்தியதும் சனம் காதைப் பொத்தியதும் பிறகு எல்லாரும் சிரித்ததும் நினைவிருக்கிறது, எதற்குச் சிரித்தார்கள் என்பது இல்லை. அக்காவைக் கேட்கலாம். அவளும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள், அவனைவிடப் பத்து வயது மூத்தவள், அவளுக்கு ஒன்றும் மறப்பதில்லை. ஆனால் இன்றைக்கு அவளிடம் ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வந்துவிடும், ஆகவே கேட்கவில்லை. வரிசை நகரவில்லை. பரந்தனுக்கு உட்பக்கம் ஒரு பள்ளிக்கூடம், ஜனாதிபதித் தேர்தலுக்கு அதன் மூன்றாம் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. முன்னால் முப்பது பேர், இல்லை இருபத்தெட்டு, யாரோ வெற்றிலை துப்ப விலகிப்போய் வந்து எண்ணிக்கையைக் குழப்பிவிட்டார். தவமலர் அக்கா அவனுடைய முழங்கையைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பார்த்துக்கொண்டு என்பது பழக்கத்தில் வருகிற சொல், சீனி வருத்தம் அவளுடைய இரண்டு கண்ணையும் எடுத்து ஒன்றரை வருஷமாகிறது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் அவளைக் கண்டதும் "அம்மாவை முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை" என்றுதான் சொன்னார். "கண்தானே தம்பி போனது, கால் ரெண்டும் இருக்கு, நிண்டு போறன்" என்றாள் அக்கா. போயிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். யோசிக்க நேரம் கிடைத்திருக்காது. யோசிக்க நேரம் கிடைக்காமல் ஒரு காரியம் முடிவது எவ்வளவு நல்லது என்பது நாற்பத்தெட்டு வயதில்தான் தெரியவருகிறது. அவனுடைய சட்டைப்பையில் அக்காவின் சான்றிதழ் நாலாக மடித்துக் கிடக்கிறது, கிராம அலுவலரான விதானையின் ஒப்பம், ஆஸ்பத்திரி டொக்டர் ஒப்பம், இவருக்குக் கண் தெரியாது, இவர் துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துச் சென்று அவர் கையால் அடையாளம் இடுவிக்கலாம். அவர் என்றால் அவன். அவனுக்கு வாக்கு இல்லை. கனடாவிலிருந்து வந்து, இரட்டைக் குடியுரிமை எடுத்து, அடையாள அட்டையும் கைக்கு வந்துவிட்டது, வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறவில்லை. வாக்கு அக்காவுடையது, கை மட்டும் அவனுடையது.

"குடைக்குப் போடு" என்று காலமை தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள். "ஒண்டு எண்டு வடிவா எழுது. உன்ர கோழிக் கிறுக்கல் அவங்களுக்கு விளங்காது." குடை, மணிக்கூடு, ஏணி. முப்பது பேருக்கு மேல் நிற்கிறார்கள், கதைப்பது இந்த மூன்றைத்தான். குடைக்காரர் போன மாதம் கிளிநொச்சி மைதானத்துக்கு வந்தபோது அக்கா மற்றத் தாய்மாரோடு போய் முன்வரிசையில் இருந்தவள். நிரோஜனுடைய படத்தை மடியில் வைத்திருந்தவள். நிரோஜன் அவளுடைய ஒரே பிள்ளை. சண்டை முடிந்த அன்று, பத்தொன்பது வயதில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொன்னவர்களுடைய பஸ்ஸில் அவளே தன் கையால் ஏற்றி, யன்னலுக்குள்ளால் ஒரு பிஸ்கட் பைக்கற்றும் கொடுத்து அனுப்பிய பிள்ளை. பதினைந்து வருஷம். குடைக்காரர் மேடையில் சிங்களத்தில் பேச, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார், ஒவ்வொரு தாய்க்கும் பதில் தருவேன், ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடுவேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள், "தேடுவன் எண்டு சொன்னவன்ரா. ஒருத்தனும் வந்து இந்தச் சொல்லைச் சொல்லேல்லை." அவன் அப்போது குசினிக்குள் கிழங்கு தோல் சீவிக்கொண்டு நின்றான், ஓம் அக்கா என்றான். வேறென்ன சொல்வது. அதற்கு ஐந்து நாள் முன்னமே அவனுக்குத் தெரியும். ஐந்தா, ஆறா. பதினெட்டாந் திகதி வியாழக்கிழமை, கூட்டம் செவ்வாய், ஐந்து. காலை ஆறரைக்குப் பேப்பர் வரும், அவன் முன் கதிரையில் இருந்து வாசிக்க அவள் முருங்கையிலை உருவியபடி கேட்பாள். வந்த புதிதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, மரண அறிவித்தல், ஒப்பந்தக் கேள்விக் கோரல் எல்லாம் வாசித்தான். பிறகு இங்கிலீஷ்ப் பேப்பரையும் போனில் எடுத்துத் தமிழாக்கிச் சொன்னான். "நீ வந்தாப் பிறகுதான் எனக்கு உலகம் தெரியுது" என்றாள் ஒருநாள். அந்த வசனம் அவனுக்குப் பிடித்திருந்தது. அந்த வசனம் பிடித்திருந்ததால்தான் எல்லாம் வந்தது. உலகம் தெரிகிற பெண்ணுக்கு எந்த உலகத்தைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று யோசிக்கத் தொடங்கினான். முதலில் ஒரு செய்தியை விட்டான், தோண்டிய ஒரு கிடங்கு, அதற்குள் எலும்புகளோடு எடுத்த உடுப்புகளின் நிறங்கள். நிறங்களை எப்படி வாசிப்பது. அடுத்த கிழமை இன்னொன்று. விடுவது இலேசாக இருந்தது. கண் அந்தப் பத்தியைத் தாண்டி அடுத்ததுக்குப் போகும், குரல் தடங்காது, பேப்பரில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. தொலைக்காட்சிக்காரர் எல்லாம் பொய்யர், பத்திரிகைக்காரர் எல்லாம் விலைபோனவர் என்று அவன் மார்க்கண்டு அண்ணையோடு சந்தியில் நின்று ஏசுவான், வீட்டுக்கு வந்து பேப்பரை விரிப்பான்.

பதினெட்டாந் திகதி அவன் வாசிக்காமல் விட்டது ஒரு பேட்டி, நாற்பது நிமிஷம். வெளிநாட்டுத் தொலைக்காட்சி, குடைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு நல்ல இங்கிலீஷில். முதலில் பதினொரு நிமிஷத் துண்டுதான் போனில் சுற்றி வந்தது, அதில் ஏழாவது நிமிஷத்தில் கேட்கிறார்கள், காணாமல் போனவர்களைப் பற்றி. அவர் சொல்கிறார், தேடுவதற்கு அங்கே யாரும் இல்லை, அந்தத் தாய்மாருக்கு அதை யாராவது சொல்லத்தான் வேண்டும், ஒரு சான்றிதழ் கொடுத்து, ஓர் உதவித்தொகை கொடுத்து, கோப்பை மூடிவிடலாம். வாகீசன் நாலு தரம் பார்த்தான். அடுத்த நாள் குடைக்காரரின் ஆட்கள் அது வெட்டி ஒட்டியது என்றார்கள். முழு நாற்பது நிமிஷத்தையும் தேடிப் பிடித்துப் பார்த்தான், அதிலும் அந்த வார்த்தைகள் இருந்தன. இப்போதெல்லாம் குரலையும் இயந்திரம் செய்கிறதாம், முகத்தையும் செய்கிறதாம், முழு நாற்பது நிமிஷத்தையும் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும். ஆனால் யாரும் இல்லை என்று சொல்ல முன்னம் அந்த மனிதர் ஒரு மூச்சு எடுத்தார். அந்த மூச்சை அவனுக்குத் தெரியும், மனதில் இருப்பதைச் சொல்ல முன்னம் ஆட்கள் எடுக்கிற மூச்சு. பத்தொன்பது வருஷம் ரொறொன்ரோவில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்த்தவன் அவன், யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பு வரை தமிழிலும் அங்கே போய் இங்கிலீஷிலும் படித்த வாயை வைத்துச் சாப்பிட்டவன். ஒவ்வொரு நாளும் கையை உயர்த்திச் சத்தியம் செய்வான், கூட்டாமல் குறைக்காமல் சொன்னதைச் சொன்னபடி சொல்வேன். ஒரு மனிதர், ஐம்பது வயதிருக்கும், மன்னார்ப் பக்கம், மகளுக்கு என்ன வயது என்று கேட்டபோது முதலில் பதினேழு என்றார், அரை மணித்தியாலம் கழித்துப் பத்தொன்பது என்றார். வாகீசன் இரண்டையும் அப்படியே சொன்னான். நம்பத்தகுந்தவரல்ல என்று வழக்கைத் தள்ளினார்கள். வெளியே மண்டபத்தில் கோட் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றுகொண்டு அவர் கேட்டார், "தம்பி, நீங்கள் ரெண்டாந் தரமும் பதினேழெண்டே சொல்லியிருக்கலாமே." ஏச்சு இல்லை, கோபம் இல்லை, தெருவில் வழி கேட்பதுபோல் கேட்டார். சொன்னதைத்தான் ஐயா சொல்லலாம் என்றான். சரியான பதில். அந்தச் சரியான பதிலைப் பதினொரு வருஷம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான், வேலையை விட்டான், ஊருக்கு வந்தான். வந்த இடத்தில் சத்தியமும் இல்லை, கையை உயர்த்தச் சொல்ல ஆளும் இல்லை, கண் தெரியாத அக்காவும் ஒரு பேப்பரும். இனி ஒருவருக்கும் பத்தொன்பது என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தான்.

"கனடாக்காரர் என்ன ஒரே யோசினை" என்று முன்னால் நின்ற மார்க்கண்டு அண்ணை திரும்பினார். இளைப்பாறிய தபாற்காரர், காலை ஏழு மணிக்கே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து இடம் பிடித்தவர். "அங்கயும் உப்பிடி வெயிலுக்க விடுவாங்களோ?" "அங்க பனிக்க விடுவாங்கள் அண்ணை." "அப்ப இது திறம். தவமலர், உமக்கு ஆர் எண்டு முடிவோ?" "முடிவில்லாமல் இவ்வளவு நேரம் நிப்பனோ?" என்றாள் அக்கா. "நான் இன்னும் முடிவெடுக்கேல்லை பிள்ளை. மூண்டு பேரையும் ஒண்டாக் கட்டிக் கடலில போட்டாலும் மீன் மணந்து பாத்திட்டுப் போயிடும். அதுதான் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு மூண்டு பேருக்கும் போடுவம் எண்டிருக்கிறன். ஒருத்தனும் கோவிக்கப் படாது." பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், அவளுடைய சிரிப்பு அவனுடைய முழங்கையில் குலுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. இந்த நாட்டு முறை அது. முதலாவது விருப்பத்துக்கு ஒன்று, வேண்டுமென்றால் இன்னொருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு மூன்று. அவனுக்கு வாக்கு இருந்தால் மணிக்கூட்டுக்கு ஒன்று போடுவான். மணிக்கூட்டுக்காரரில் நம்பிக்கை என்று இல்லை. அந்த ஆள் குறையக் கதைக்கிறார், குறையக் கதைப்பவன் குறையப் பொய் சொல்வான் என்று ஒரு நினைப்பு, அதுவும் பிழையாயிருக்கலாம், கதைக்காமலே எத்தனை பேர் எத்தனை செய்தார்கள். பெரியப்பா ஒண்டை மட்டும் என்றார். ஒண்டை மட்டும் மறவாதேங்கோ? ஒண்டை மட்டும் கேளுங்கோ? ஒண்டை மட்டும் குடுங்கோ? முன்னால் பதினாறு பேர். உள்ளே போனால் அட்டை மறைப்புக்குப் பின்னால் அவனும் தாளும்தான். அக்கா பக்கத்தில் நிற்பாள், என்ன எழுதினாலும் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டுமில்லை, இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய பிள்ளையைத் தேடவே மாட்டேன் என்றவனுக்கு அவளுடைய வாக்கைப் போடுவது அவளுக்குச் செய்யும் உதவியா? மணிக்கூட்டுக்குப் போட்டால் அவளைக் காப்பாற்றியதாகுமா? ஒரு கோடி எழுபது இலட்சம் வாக்கில் ஒன்று, அதில் என்ன காப்பாற்றல். அப்படியென்றால் சொன்னபடி போடு. போட்டால் இரவு சாப்பாட்டில் கை வைக்க முடியுமா. வெயில் பள்ளிக்கூடத்துத் தகரத்தில் ஏறி அங்கிருந்து கண்ணில் அடித்தது. அக்கா முகத்தைத் திருப்பவில்லை, அவளுக்கு அடிக்கவில்லை. பதினான்கு பேர். சொல்லிவிடலாம். இங்கே வைத்தா. வீட்டில் வைத்துச் சொல்ல ஒரு மாதம் இருந்ததே, முப்பது காலை, முப்பது பேப்பர். பன்னிரண்டு.

"அக்கா." "ம்." "குடைக்காரர் இங்கிலீஷில ஒரு பேட்டி குடுத்தவர்." "எப்ப?" "போன மாசம். நீங்கள் கூட்டத்துக்குப் போக முன்னம்." "பேப்பரில வந்ததோ?" "இங்கிலீஷில பெரிசா. தமிழில ஒரு மூலையில." "நீ வாசிக்கேல்லையே." "இல்லை." அவள் சேலைத் தலைப்பை இழுத்து மறு தோளில் போட்டாள். அவன் சொன்னான். விசாரணை மண்டபத்தில் சொல்வதுபோலவே, அந்த ஆளாகவே நின்று, கூட்டாமல் குறைக்காமல். தேடுறதுக்கு அங்க ஒருத்தரும் இல்லை. அந்தத் தாய்மாருக்கு அதை ஆராவது சொல்லத்தான் வேணும். சான்றிதழ், உதவித்தொகை, கோப்பை மூடிவிடலாம். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் மார்க்கண்டு அண்ணையின் முதுகு அசையாமல் நின்றதில் அவருக்கும் கேட்டுவிட்டது என்று தெரிந்தது. "எத்தினையாந் திகதிப் பேப்பர்?" என்று கேட்டாள் அக்கா. "பதினெட்டு. வியாழக்கிழமை." "அண்டைக்கு நீ சமையல் குறிப்பு வாசிச்சனி. கத்தரிக்காய்ப் பிரட்டல். உள்ளி எத்தினை பல்லு எண்டுகூட வாசிச்சனி. நான் நினைச்சனான், இவன் ஏன் இண்டைக்கு இதை வாசிக்கிறான், தனக்குச் சாப்பிட ஆசை போல எண்டு. பின்னேரம் பக்கத்து வீட்டுக் கமலாவை விட்டுக் கத்தரிக்காய் வாங்குவிச்சனான்." ஓம், அன்று இரவு கத்தரிக்காய்ப் பிரட்டல், அவன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். "வேறென்ன விட்டனி?" "அக்கா…" "வேறென்ன விட்டனி எண்டு கேக்கிறன்." கிடங்கைச் சொன்னான். உடுப்புகளைச் சொன்னான். நிறங்களைக் கேட்டாள். நீலம், ஒரு சிவப்புக் கோடு, மண்ணிறம். நிரோஜன் அன்று போட்டிருந்தது வெள்ளையில் கறுப்புக் கட்டம், அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அதை இரண்டு பேரும் சொல்லவில்லை. அவளைப்போலத் தேடி நடந்த தாய்மாரில் இத்தனை பேர் செத்துப்போனார்கள் என்று வந்த எண்ணிக்கையைச் சொன்னான். "அதில என்னோட தேடி நடந்த நாகபூசணியும் சேர்த்தியோ?" "பேர் போடேல்லை அக்கா. எண்ணிக்கை மட்டும்தான்." ஆறு பேர் நகர்ந்தார்கள். யாரோ ஒரு குழந்தைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள், அது மூடியை விழுங்கப் பார்த்து அடி வாங்கியது. அது அழுது முடிந்தது. அக்கா சொன்னாள், "அவன் தேடுவன் எண்டதை நான் என்ர காதால கேட்டனான்." "அவர் சிங்களத்தில சொன்னவர் அக்கா. உங்களுக்குக் கேட்டது மொழிபெயர்த்தவன் சொன்னது." "நீயும் மொழிபெயர்க்கிறவன்தானே." அவன் சட்டைப்பையில் கிடந்த சான்றிதழைத் தொட்டுப் பார்த்தான். "இப்ப சொன்னியே, அதில எத்தினையை விட்டுச் சொன்னனி? எத்தினை உள்ளி போட்டனி? எனக்கெப்பிடித் தெரியும்?" "ஒண்டும் விடேல்லை அக்கா. உண்மையா." "உண்மை" என்றாள், அந்தச் சொல்லின் நிறையைப் பார்ப்பவள்போல. "கோப்பை மூடுறாங்களோ திறக்கிறாங்களோ, நான் சாகுமட்டும் போய்க் கேப்பன். அது என்ர பாடு. காலமை உனக்கு என்ன சொன்னனான்?" "குடை." "மாத்துறதெண்டா நான் மாத்துவன். நான் மாத்தேல்லை." மார்க்கண்டு அண்ணை உள்ளே போனார், போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. முதல் தரமாக அக்கா அவனுடைய முழங்கையை விட்டுவிட்டுக் கதவு நிலையைத் தானே தடவிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே சுண்ணாம்பு மணம், சுவரில் வாய்ப்பாடு, ஆறாம் வாய்ப்பாட்டில் ஒரு மூலை கிழிந்திருந்தது. ஓர் அலுவலர் சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார், அடையாள அட்டைகளைப் பார்த்தார், பெயரை உரக்க வாசித்தார், கட்சி முகவர்கள் தங்கள் இடாப்பில் கோடு போட்டார்கள். "தம்பி, அம்மா சொல்லிற மாதிரித்தான் போட வேணும், விளங்குதோ? இதில ஒப்பம் வையுங்கோ." அக்கா அல்ல அம்மா என்றார், அவன் திருத்தவில்லை. ஒப்பம் வைத்தான். கை உயர்த்தச் சொல்லவில்லை. அக்காவின் இடது சின்ன விரலில் மை வைத்தார்கள், அவள் விரலை மூக்குக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். தாள் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. அட்டை மறைப்புக்குப் பின்னால் சிறுபிள்ளைகளின் மேசை, குனிந்துதான் எழுத வேண்டும், ஒரு நூலில் கட்டிய பேனை. தாளை விரித்தான், பெயர்கள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன, கேள்விப்படாத பெயர்கள், இவர்களுடைய வீட்டுக்காரராவது இவர்களுக்குப் போடுவார்களா. மணிக்கூடு மேலே, ஏழாவதாக. குடை அதற்கும் கீழே, பதினெட்டாவதாக. ஏழாவது நிமிஷம், பதினெட்டாந் திகதி, மனம் எதையும் எதோடும் முடிச்சுப் போடும், விடு. அவனுக்கு ஒரு கை தூரத்தில் பின்னால் அக்காவின் மூச்சு. மணிக்கூட்டின் கட்டம் வெறுமையாக இருந்தது, சின்னக் கட்டம், ஒரு கோடு இழுத்தால் போதும். அக்கா ஒன்று என்றால் ஒன்றைத்தான் சொன்னாள். இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை எழுதினால் அது கூட்டியதா, அவள் சொன்னதில் எதையும் குறைக்கவில்லையே, குடைக்கு ஒன்று, மணிக்கூட்டுக்கு இரண்டு, சட்டப்படி செல்லும், அவளுடைய வாக்கும் கெடாது, அவனுக்கும் இந்த நாட்டில் ஒரு கோடு. முதலாவதில் ஒருவர் அரைவாசியைத் தாண்டிவிட்டால் இரண்டாவதை எண்ணுவதேயில்லை என்கிறார்கள், எண்ணாத ஒன்றை எழுதினால் என்ன, எண்ணாத ஒன்றை எழுதாமல் விட்டால் என்ன. பேனை மணிக்கூட்டின் மேலே நின்றது. நூல் குட்டையாக இருந்தது, கீழே குடைவரை போகுமா என்று இழுத்துப் பார்த்தான், போனது. பின்னால் அலுவலர் தொண்டையைச் செருமினார். "எழுதியிட்டியோ?" என்று அக்கா கேட்டாள், சத்தமாகவே கேட்டாள், வகுப்பறையில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். "எழுதுறன்" என்றான். குடைக்கு நேரே இருந்த கட்டத்தில் 1 என்று எழுதினான். வேறொன்றும் எழுதவில்லை.